கண்டெய்னர் யார்டில் ஆள் நிலைக்கும் குழு அமைப்பது எப்படி?

மணலி, மாதவரம் பக்கத்து யார்டுகளில் ஒரே ஷிஃப்டில் பெரும்பாலும் மூன்று வகை ஆட்கள் இருப்பார்கள்: கம்பெனி ஆள், கான்ட்ராக்ட் ஆள், வடமாநிலத்திலிருந்து வந்தவர். முதல் வகையினரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சூப்பர்வைசர், மற்றவர்களை "ஏய் கான்ட்ராக்ட்" என்பார். குழு உடைவது அங்கேதான். முதல் நாளே எல்லார் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயரைத் தப்பாகச் சொன்னால் அவரிடமே கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து, வேலையின் காரணத்தைக் காட்டுங்கள். வாயால் சொன்னால் போதாது. காலி கண்டெய்னரைச் சோதிக்கும்போது புது ஆளையும் உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். கதவைச் சாத்தியதும் கும்மிருட்டு. கூரையில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் புள்ளியாகத் தெரியும். அந்த ஓட்டை வழியே மழைத்தண்ணீர் இறங்கினால், ஆம்பூர் தோலோ திருப்பூர் பனியனோ கப்பலில் போகும்போதே பூஞ்சை பிடிக்கும் என்று அங்கேயே சொல்லுங்கள். ஒருமுறை பார்த்தவர் அதன் பிறகு இந்தச் சோதனையைக் கடமைக்குச் செய்யமாட்டார்.

ஷிஃப்ட் மாறும்போது பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அதில் இறங்கிப் போகிறவர்கள்தான் பேச வேண்டும்: எந்த ஃபோர்க்லிஃப்டில் பிரேக் பிடிக்கவில்லை, எந்தப் பெட்டியில் சீல் போடவில்லை. சூப்பர்வைசர் ஆரம்பித்தால் அது திட்டு வாங்கும் கூட்டமாகிவிடும். இரண்டே நாளில் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். டிரெய்லர்கள் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் (கண்டெய்னர் லாரிகள் நுழையும் வாசல்) மாட்டிக்கொண்டால் அதையும் உடனே சொல்லிவிடுங்கள். எதற்குக் காத்திருக்கிறோம் என்றே தெரியாமல் மணிக்கணக்கில் உட்கார வைத்துவிட்டு, நள்ளிரவில் "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டுவதைப்போல் ஆளைச் சோர்வாக்குவது வேறில்லை.

டீ, குடிதண்ணீர், சேஃப்டி ஷூ, உட்கார நிழல் ஆகியவற்றில் வகை பிரிக்கவே கூடாது. இதைச் சின்ன விஷயமாக நினைக்கும் மேனேஜர்கள் பெரம்பூர் வரலாற்றைப் படிக்கலாம். 1918-இல் அங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, பி அண்ட் சி (பக்கிங்காம் அண்ட் கர்நாடிக்) துணி மில் தொழிலாளர்களின் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் போதிய நேரம் இல்லை என்பது.

யோசனை எழுத ஒரு நோட்டு வையுங்கள். ஒரு வாரத்துக்குள் பதில் எழுதுங்கள். முடியாது என்றாலும் காரணத்தோடு எழுதுங்கள். பதில் வராத நோட்டில் மறுபடி யாரும் எழுதமாட்டார்கள். பாராட்டும்போது "சூப்பர்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், "அந்த பேலட் (சரக்கு அடுக்கும் பலகை) சாய்ந்திருந்ததை நீங்க பார்த்ததால் சரக்கு தப்பியது" என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.

புது ஆளை முதல் வாரம் முழுக்க ஒரே அனுபவஸ்தரோடு விடுங்கள். ஃபோர்க் பட்டு அட்டைப்பெட்டி கிழிந்ததாகப் புது ஆளே வந்து சொன்னால் மெமோ நீட்டாதீர்கள். நீட்டினால் அடுத்த கிழிசல் சீலுக்குள் மறைந்துவிடும். போட்டோ எடுத்து, டேலி ஷீட்டில் (சரக்கை எண்ணிப் பதியும் தாள்) குறித்து, பெட்டியை மாற்றிய பிறகு சீல் போடச் சொல்லுங்கள்.