4×4, 5×5 ரூபிக்ஸ் கியூப்ல டைம் குறையணுமா? முதல்ல எங்க நிக்கிறீங்கன்னு பாருங்க

3×3ய 20, 25 செகண்ட்ல முடிக்கிற புள்ளைங்க கோலாலம்பூர்ல இப்ப நெறய பேரு இருக்காங்க, தமிழ்ப்பள்ளி பசங்க ரீசஸ்ல உக்காந்து கியூப் சுத்துறத பாக்கவே அவ்ளோ சந்தோசமா இருக்கு. ஆனா அதே பசங்க கைல 4×4 குடுத்தா ரெண்டு நிமிஷம், 5×5 குடுத்தா நாலு நிமிஷம்னு இழுக்குது. ஏன்டா தம்பின்னு கேட்டா "வெரல் வேகம் பத்தல அண்ணே"ன்னு சொல்றாங்க. வெரல் காரணமே இல்ல. 3×3ல வெளிய தெரியுற துண்டு மொத்தம் 26, 4×4ல 56, 5×5ல 98. அவ்ளோ துண்டுல நமக்கு வேணுங்கிறது எங்க இருக்குன்னு தேடுறதுலதான் நேரம் போவுது, அந்த நேரத்துல கை சும்மா நிக்குது. பெரிய கியூப்ல வேகம்னா அந்த நிக்கிற நேரத்த குறைக்கிறதுதான்.

அதனால முதல் வேலை, உங்க நேரம் எங்க போவுதுன்னு அளந்து பாக்குறது. கியூப் நேரம் அளக்குற சிஎஸ் டைமர் வெப்சைட்ல மல்டி ஃபேஸ்னு ஒரு செட்டிங் இருக்கு, அத மூணுன்னு வச்சிக்கிட்டா சென்டர் (ஒவ்வொரு பக்கத்துலயும் நடுவுல இருக்குற ஒரு கலர் துண்டுங்க) முடிஞ்சதும் ஒரு தட்டு, எட்ஜ் (ரெண்டு பக்கம் சேர்ற ஓரத்துல இருக்குற ரெண்டு கலர் துண்டுங்க) எல்லாம் ஜோடி சேந்ததும் ஒரு தட்டு, மிச்சத்த 3×3 மாதிரி முடிச்சு கடைசியா நிறுத்துறது ஒரு தட்டு, மூணு பகுதியும் தனித்தனியா காட்டும். 4×4ல ஒரு நிமிஷத்துக்கு கீழ வரணும்னா என் கணக்குல மூணும் தலா 20 செகண்ட் பக்கத்துல இருக்கணும். 3×3 நல்லா பண்றவங்களுக்கு பெரும்பாலும் நடுவுல இருக்குற எட்ஜ் பகுதிதான் வீங்கி நிக்கும், பாருங்க.

இன்னும் ஆறு சென்டரும் முடிச்சிட்டு அப்புறம் பன்னெண்டு எட்ஜையும் சேக்குற பழைய ரிடக்‌ஷன் வழியிலயே இருந்தீங்கன்னா 4×4க்கு யாவ் மெத்தட்க்கு மாறிடுங்க. இங்கிலாந்து கியூபர் ராபர்ட் யாவ் பேருல இருக்குற மெத்தட் இது, வேகமா பண்றவங்க பல பேரு இததான் பண்றாங்க. முதல்ல வெள்ளை சென்டர், அடுத்து எதிர்ல மஞ்சள் சென்டர். வெள்ளைய இடது பக்கம் புடிச்சிக்கிட்டு வெள்ளை எட்ஜ் மூணு மட்டும் ஜோடி சேத்து வெள்ளைய சுத்தி வைங்க, நாலாவது எடம் காலியா விட்டு அத மேல் பக்கம் வர்ற மாதிரி வச்சிக்கிட்டா மேல் லேயர தாராளமா சுத்தலாம், சேத்து வச்ச மூணும் கலையாது. அப்படியே மிச்ச நாலு சென்டர முடிக்கணும். அப்புறம் நாலாவது வெள்ளை எட்ஜ சேத்து வச்சிட்டு வெள்ளைய கீழ கொண்டு போங்க. இப்ப மிச்சம் எட்டு எட்ஜ்தான், அதோட 3×3 பகுதிக்கு வரும்போது கிராஸ், அதாவது வெள்ளைய சுத்தி நாலு எட்ஜும், ஏற்கனவே ரெடி.

ஒன்னு ஞாபகம் வைங்க, 4×4ல நகராத சென்டர்னு ஒன்னு கிடையாது. கலர் வரிசை மனசுல இல்லன்னா சென்டர மாத்தி வச்சிட்டு கடைசிலதான் தெரியும். வெள்ளை மேல, பச்சை உங்கள பாத்து இருந்தா சிவப்பு வலது பக்கம். இத தூக்கத்துல கேட்டாலும் சொல்லணும்.

எட்ஜ் பகுதிக்கு வருவோம், இங்கதான் நெறய சம்பாதிக்கலாம். எட்டு எட்ஜ் மிச்சம் இருக்குறப்ப மேல நாலு, நடு வரிசைல நாலு. நம்ம கண்ணுக்கு நேரா தெரியுறது மேல இருக்குற நாலும் முன்னாடி ரெண்டும், பின்னாடி ரெண்டு மட்டும்தான் மறைஞ்சிருக்கும். ஒரு துண்டோட ஜோடிய தேடுறீங்க, மேலயும் இல்ல முன்னாடியும் இல்லன்னா கண்டிப்பா பின்னாடி ரெண்டுல ஒன்னுல இருக்கு, முழு கியூபையும் அந்த பக்கம் இந்த பக்கம்னு சுத்தி சுத்தி பாக்க வேணாம், லேசா சாச்சி பாத்தா போதும். பசங்க வீணாக்குற நேரத்துல பாதி இந்த சுத்தி பாக்குறதுலதான். சேக்குற முறைக்கு 3-2-3 போதும்: உள் லேயர ஒரு தடவ தள்ளி மூணு எட்ஜ், அடுத்து ரெண்டு, கடைசி மூணு.

இத பழகுறதுக்கு டைமர ஆஃப் பண்ணிடுங்க. பாதி வேகத்துல சுத்துங்க, ஆனா நிக்கவே கூடாது. கை ஒரு ஜோடிய சேக்கும்போது கண்ணு அந்த ஜோடிய பாக்கக் கூடாது, அது எங்க போவும்னு உங்களுக்குதான் தெரியுமே, அடுத்த ஜோடிய தேடணும். ஆரம்பத்துல ரொம்ப எரிச்சலா இருக்கும், ஆமை மாதிரி போவுதேன்னு தோணும், விடாதீங்க. நான் சென்டர் பழகுறதுக்கு சொல்ற எடம் எல்.ஆர்.டி. ரயில்தான், செந்தூல்ல ஏறி மஸ்ஜித் ஜாமெக் ஸ்டேஷன் வர்ற வரைக்கும் சென்டர் மட்டும் போட்டு கலைச்சு, போட்டு கலைச்சுன்னு பண்ணுங்க, டைம் பாக்க முடியாது அதனால கண்ணு தானா நிதானமாயிடும்.

அடுத்து பேரிட்டி, அதாவது 3×3ல வரவே வராத மாதிரி துண்டு மாறி நிக்கிறது. 4×4ல ரெண்டு வகை, ஒவ்வொன்னும் பாதிக்கு பாதி வரும், அதனால நாலு தடவைக்கு ஒரு தடவதான் ரெண்டுமே இல்லாம தப்பிக்கலாம். அப்ப இத "ஐயோ வந்துருச்சே"ன்னு நினைக்காம சால்வ்ல ஒரு பகுதின்னே எடுத்துக்கணும். மேல மஞ்சள் எட்ஜ் ஒன்னோ மூணோ மட்டும் சரியா பாத்துக்கிட்டு இருந்தா முதல் வகை, கடைசி ஜோடிய உள்ள தள்ளும்போதே மேல இருக்குற எட்ஜ பாத்துட்டா நிக்காம அல்கோவுக்கு (மனப்பாடமா போடுற சுத்து வரிசைக்கு) போயிடலாம். அந்த அல்கோ நீளம், வெரல் தானா ஓடுற வரைக்கும் அத மட்டும் தனியா போடுங்க. ரெண்டாவது வகைல ரெண்டு எட்ஜ் மட்டும் எடம் மாறி நிக்கும், அது சுலபம்: வலது உள் லேயர் மட்டும் அரை சுத்து, மேல் லேயர் அரை சுத்து, உள் லேயர் அரை சுத்து, மேல ரெண்டு லேயரும் சேத்து அரை சுத்து, உள் லேயர் அரை சுத்து, மறுபடி மேல ரெண்டும் சேத்து அரை சுத்து, கடைசியா மேல் லேயர் மட்டும் அரை சுத்து. முன்னாடி எட்ஜும் பின்னாடி எட்ஜும் எடம் மாறிடும். மூலை ரெண்டு மாறி நின்னாலும் இதையே போடுங்க, அதுக்கப்புறம் வழக்கமான 3×3 கேஸ் ஒன்னு வரும்.

5×5ல நடு சென்டர் நகராது, அதனால கலர் வரிசை குழப்பமும் இல்ல, ரெண்டாவது வகை பேரிட்டியும் இல்ல. கடைசி எட்ஜ்ல மட்டும் சில நேரம் ஓரத்துண்டு ரெண்டும் திரும்பி நிக்கும், அதுக்கு ஒரு அல்கோ. இங்க நேரத்த சாப்புடுறது சென்டர், மொத்த சால்வ்ல பாதிக்கு கிட்ட அதுக்கே போயிடும். ஒவ்வொரு துண்டா சேக்காதீங்க, மூணு துண்டு சேந்த பட்டையா கட்டி பட்டை பட்டையா உள்ள தள்ளுங்க. ஒரு பட்டைய தள்ளும்போதே அடுத்த பட்டைக்கு நடுத்துண்டு எதுன்னு முடிவு பண்ணிடுங்க. எட்ஜ்ல முதல் எட்ட நடு லேயர்கள நேராக்காமலே சேத்து மேலயும் கீழயும் ஒதுக்கி வச்சிட்டு கடைசி நாலுக்கு சென்டர நேராக்கிக்கலாம். ஒரு நாளைக்கு ஒரே கியூப்க்குதான் நேரம் இருக்குன்னா நான் 5×5ஐதான் எடுக்க சொல்வேன், அதுல தேடி பழகுன கண்ணுக்கு 4×4 ரொம்ப லேசா தெரியும். 6×6, 7×7 அப்புறம் பாத்துக்கலாம், அவசரமே இல்ல.

கியூப் வாங்குறதுக்கு பெருசா யோசிக்க வேணாம், மேக்னட் வச்சது வாங்குங்க அவ்ளோதான், ஒய்ஜே எம்ஜிசி மாதிரி மலிவான மாடலே போதும். நம்ம ஊரு புழுக்கத்துல கை வேர்த்து வழுக்கும், பக்கத்துல ஒரு சின்ன துண்டு வச்சிக்குங்க. உள் லேயர் லாக் ஆகுதுன்னா சிலிக்கான் லூப் (வழவழன்னு சுத்துறதுக்கு போடுற எண்ணெய்) போடுங்க, ஸ்க்ரூவ ரொம்ப லூஸ் பண்ணாதீங்க, துண்டு தெறிக்கும்.

போட்டிக்கு போறவங்களுக்கு: பாக்குறதுக்கு 15 செகண்ட் தருவாங்க, அதுல முதல் சென்டர முழுசா பிளான் பண்ணிடுங்க, முடிஞ்சா ரெண்டாவது சென்டர்க்கு ஒரு பட்டை எங்க இருக்குன்னும் பாருங்க. 4×4, 5×5 ரெண்டுக்கும் அஞ்சு சால்வ், ஆனா நெறய போட்டில கட்ஆஃப் வச்சிருப்பாங்க, முதல் ரெண்டு சால்வ்ல அந்த நேரத்துக்குள்ள வரலன்னா மிச்ச மூணு கிடையாது. அதனால வீட்ல சூடாகி இருவதாவது சால்வ்ல வர்ற நேரத்த நம்பி போகாதீங்க, காலைல எந்திரிச்சு கை சூடாகாம பண்ற முதல் ரெண்டு சால்வ தனியா எழுதி வைங்க, போட்டி நோட்டீஸ்ல இருக்குற கட்ஆஃபோட அததான் ஒப்பிட்டு பாக்கணும். மால்ல நடக்குற போட்டின்னா சத்தம் இருக்கும், வாரத்துல ஒரு நாளு மாமாக் கடைல (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைல) தே தாரிக் (ஆத்துன பால் டீ) சொல்லிட்டு பந்து ஓடுற டிவி பக்கத்துல உக்காந்து இந்த ரெண்டு சால்வ பண்ணி பாருங்க.