வாசலுக்கு வருகிறவர் மேல் நாய்க்குட்டி தாவுகிறதா? இப்படிப் பழக்குங்கள்

காலை ஏழு மணி வாக்கில் எங்கள் தெருவுக்கு மீன்காரம்மா வருவார். தலையில் அன்னக்கூடை, அதில் சூடை மீனும் காரல் மீனும் இருக்கும். எங்கள் நாய்க்குட்டி செவலைக்கு அப்போது மூன்று மாதம். வாசம் பிடித்ததும் ஓடிப்போய் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு மேலே தாவிவிட்டது. அவருக்குக் கால் இடறியது, சும்மாடு நழுவியது, கூடை அப்படியே தெரு மணலில் கவிழ்ந்தது. முழங்கையில் நல்ல சிராய்ப்பு. மீனுக்குக் காசு கொடுத்துவிட்டோம். ஆனால் "குட்டிதானேக்கா, விளையாடுது" என்று அதுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது அன்றைக்கு உறுத்தியது. அன்று சாயங்காலமே பழக்க ஆரம்பித்தோம்.

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊர் எங்களுடையது; எங்கள் தெருவில் பாதி முஸ்லிம் வீடுகள். இஸ்லாமியச் சட்ட வழிகளில் ஒன்றான ஷாஃபி வழியைப் பின்பற்றும் அவர்கள், நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால் கழுவ வேண்டும். ஒளு செய்து (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவி), வெள்ளை உடுத்தி, வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குக் கிளம்பும் ஒருவர் மேல் நம் குட்டி தாவினால் அவருக்கு அது எவ்வளவு பெரிய தொந்தரவு என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் அப்பத்தா இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். எண்பது வயதுத் தோல் ஒரு நகக் கீறலுக்கே கிழிந்துவிடும்.

குட்டி ஏன் தாவுகிறது?

தாய் நாய் திரும்பி வந்ததும் குட்டிகள் அதன் வாயைப் போய் நக்கும். பாசமும் பசியும் கலந்த வரவேற்பு அது. நம் வாய் ஐந்தடி உயரத்தில் இருப்பதால் குட்டி தாவிப் பார்க்கிறது. தாவினால் என்ன நடக்கிறது? நாம் குனிகிறோம், "ஏய்!" என்று கத்துகிறோம், கையால் தள்ளுகிறோம். குட்டிக்கு நம் கை பட்டதும் நம் சத்தம் கேட்டதும் விளையாட்டுதான். திட்டு என்று நாம் நினைத்துக் கொடுப்பதைக் கூலி என்று அது வாங்கிக்கொள்கிறது. அந்தக் கூலியை நிறுத்தி, நாலு காலும் தரையில் இருந்தால்தான் கூலி என்று மாற்ற வேண்டும். வேலை அவ்வளவுதான்.

தேவையான சாமான்

நம் கடற்கரையில் குட்டிகளைப் பழைய வலைக் கயிற்றில் கட்டுவது வழக்கம். தயவுசெய்து வேண்டாம். குட்டி இழுக்க இழுக்க நைலான் கழுத்தை அறுக்கும். அகலமான துணி பெல்ட்டும் ஆறடிக் கயிறும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கொடுப்பதற்குத் தீனி வேண்டும். உப்பில்லாமல் வேகவைத்த மீனை முள் நீக்கி, கொண்டைக்கடலை அளவுக்குப் பிய்த்து வையுங்கள். கருவாடு வாசத்துக்குக் குட்டி மயங்கும், ஆனால் அந்த உப்பு குட்டிக்கு ஆகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை ஏறிவிடும், அப்போது அவித்த முட்டை போதும். நாங்கள் ஒரு ஓலைக் கொட்டானில் போட்டு வாசல் ஆணியில் மாட்டிவிடுவோம். யார் உள்ளே வந்தாலும் கைக்கு எட்டும்.

படி 1: முதலில் உட்காரப் பழக்குங்கள்

உட்கார்ந்திருக்கும் நாய் அதே நேரத்தில் தாவ முடியாது. அதனால் இதுதான் அடித்தளம். ஒரு துண்டு மீனை விரல் நுனியில் பிடித்து, குட்டியின் மூக்குக்கு மேலே கொண்டுபோய், மெதுவாகத் தலைக்குப் பின்பக்கம் நகர்த்துங்கள். மூக்கு மேலே போகப் போக, பின்பாகம் தானாகத் தரையில் இறங்கும். தரையைத் தொட்ட அதே நொடியில் "சபாஷ்" என்று சொல்லி மீனைக் கொடுங்கள். கையை ரொம்ப உயரத்தில் பிடித்தால் குட்டி எம்பும், மூக்கை ஒட்டினாற்போலப் பிடியுங்கள்.

"சரி" என்று நாள் முழுக்கப் பேசுகிறோம், அதனால் அது குட்டிக்குத் தனியாகக் கேட்காது. "சபாஷ்" நம் வீட்டில் வேறெதற்கும் வராத சொல், அதனால் எடுபடும். நன்றாக உட்கார ஆரம்பித்த பிறகு "உக்காரு" என்ற சொல்லைச் சேருங்கள். ஒருவர் "உக்காரு", இன்னொருவர் "சிட்", பிள்ளைகள் "டேய் உக்காருடா" என்று ஆளுக்கொன்று சொன்னால் குட்டி குழம்பும். ஒரு தடவைக்கு மூன்று நிமிஷம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை போதும்.

படி 2: வீட்டுக்காரர் உள்ளே வரும்போது

நீங்கள் கதவைத் திறக்கிறீர்கள், குட்டி தாவுகிறது. பேசாதீர்கள், பார்க்காதீர்கள், தொடாதீர்கள். கையைக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நில்லுங்கள். சுற்றி வந்து தாவினால் மறுபடி திரும்புங்கள். நாலு காலும் தரைக்கு வந்து இரண்டு நொடி ஆனதும் மெதுவாகக் குந்தி உட்கார்ந்து நெஞ்சுப் பக்கம் தடவிக் கொடுங்கள். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோனால் திரும்பவும் எம்பும். மீன் துண்டையும் கையில் நீட்டாமல் தரையில் வையுங்கள், அதன் கவனம் கீழேயே இருக்கும்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் சில நாட்களில் தாவல் முன்னைவிட மோசமாகலாம். வழக்கமாகக் கிடைத்தது கிடைக்கவில்லை என்றதும் குட்டி இன்னும் பலமாகக் கேட்டுப் பார்க்கிறது. பலர் "இது சரிப்படாது" என்று விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். விடாதீர்கள். பத்துத் தடவையில் ஒரு தடவை யாராவது மசிந்து தூக்கிக் கொஞ்சினாலும், விடாமல் தாவினால் எப்போதாவது கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். அப்புறம் மாற்றுவது இன்னும் கஷ்டம். எங்கள் வீட்டில் மசிந்தது அப்பா. ராத்திரி கடையிலிருந்து வந்ததும் அவருக்குக் குட்டியைத் தூக்காமல் முடியாது. அவரைத் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு, குட்டியை அவரிடம் நடந்து போக விட்டோம். கொஞ்சலும் நடந்தது, தாவலும் இல்லை.

படி 3: கயிற்றில் கட்டி, ஆளை வரவழைத்து

எங்களுக்கு அதிகம் பலன் கொடுத்தது இந்தப் பயிற்சி. குட்டியைத் திண்ணைத் தூணில் ஆறடிக் கயிற்றால் கட்டுங்கள். தெரிந்த ஒருவர் பதினைந்தடி தூரத்திலிருந்து நடந்து வரட்டும். குட்டி எம்பத் தொடங்கிய உடனே அவர் நின்று, பேசாமல் இரண்டடி பின்னால் போக வேண்டும். காலைக் கீழே வைத்தால் மறுபடி முன்னால் வரலாம். உட்கார்ந்தே இருந்தால் கிட்டே வந்து, குனிந்து, கொட்டானிலிருந்து ஒரு துண்டு.

முதல் நாள் பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். பன்னிரண்டு தடவை முன்னும் பின்னும் நடந்தான். ஏழாவது தடவை செவலையின் முன்கால் இரண்டும் மேலே போகப் பார்த்து, பாதியிலேயே நின்று, கீழே இறங்கியது. உடம்பெல்லாம் நடுங்குகிறது, வால் மணலைப் பெருக்குகிறது, ஆனால் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குட்டி தன்னைத்தானே அடக்கிப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரே ஆளோடு நிறுத்தாதீர்கள். தலையில் துணி போட்டவர், ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், பள்ளிக்கூடப் பை மாட்டிய பிள்ளைகள் என்று ஆட்களை மாற்றுங்கள். குட்டிக்கு ஒவ்வொருவரும் புது ஆள்.

செய்யக் கூடாதவை

முழங்காலால் நெஞ்சில் இடி, பின்கால் விரலை மிதி, பனை மட்டையால் ஒன்று போடு என்று ஊரில் யோசனை சொல்வார்கள். வளரும் எலும்பு அது, அடி நிலைக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, மனிதர் கிட்டே வந்தாலே வலி என்று குட்டி பழகிவிடுவது. அப்படிப் பயந்த நாய்தான் பின்னால் கடிக்கும்.

தாவலில் நகமோ பல்லோ கீறினால், குட்டிதானே என்று விடாதீர்கள். உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் வராத கீறலுக்கும் ஊசி தேவைப்படும். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம்.

ஓட விடுங்கள்

அடைத்தே வைத்த குட்டி அதிகம் தாவும். மற்றத் தடுப்பூசிகளும் முடிந்த பிறகு, வெயில் ஏறுமுன் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் மணல் கண்ணில் அடிக்கும், வடகடல் (பாக் நீரிணை) பக்கம் அமைதியாக இருக்கும். கயிற்றை மட்டும் விடாதீர்கள். வலையிலிருந்து கழித்துப் போட்ட பேத்தை மீன் கரையில் கிடக்கும். அதன் விஷம் நாயைக் கொன்றுவிடும்.

படி 4: மீன்காரம்மா

கடினமானதைக் கடைசிக்கு வைத்தோம். முதல் வாரம், அவர் தெரு முனையில் "மீனே" என்று கூவும்போதே குட்டியைக் கட்டி, உட்கார வைத்து, அவர் கடந்து போகும்வரை ஒவ்வொரு துண்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் அவர் வாசலுக்கு வந்தார், குட்டி பத்தடி தள்ளித் தூணில். அதற்கடுத்து ஐந்தடி. விழுந்த பயம் அவருக்கும் இருந்தது, அதனால் தூரத்தை எவ்வளவு குறைக்கலாம் என்பதை அவரிடமே கேட்டுக்கொண்டோம். "இன்னிக்கு வேணாம்ப்பா" என்று அவர் சொன்ன நாளில் அங்கேயே நிறுத்திக்கொண்டோம்.

ஏழாவது வாரம் கயிறு தளர்ந்து கிடக்க, செவலை அவர் கூடையை இறக்கும்வரை உட்கார்ந்தே இருந்தது. அவராகவே ஒரு காரலை எடுத்து, "இந்தா, உன் பங்கு" என்று என்னிடம் கொடுத்தார். காரலில் முள் அதிகம். வேகவைத்து, முள்ளெடுத்து, மத்தியானம் போட்டேன்.