நாயோடு ஆல்ப்ஸில் கோடை நடை: முதல் முறை போகிறவர்களுக்கு

முதல் முறை போகிறவர்கள் பெரும்பாலும் தூரத்தை மட்டும் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கும் நாய்க்கு மலையிலும் அது பெரிய விஷயமில்லை. அதைச் சோர வைப்பவை நிழலில்லாத வெயில், கூர்க்கல், தண்ணீர்த் தட்டுப்பாடு, மேய்ச்சல் மாடு. வலித்தாலும் நாய் சொல்லாது, நீங்கள் நடக்கும்வரை பின்னாலேயே வரும். அதனால் இந்த நான்கையும் பார்த்துத்தான் வழியை முடிவு செய்ய வேண்டும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் இடம் சுவிட்சர்லாந்தின் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு. ஒரே ஊரில் தங்கிக்கொண்டு, தினமும் கேபிள் காரில் மேலே போய்ச் சமதள வழிகளில் நடக்கலாம். மலைக் குடில்களில் இரவு தங்கும் திட்டம் முதல் முறைக்கு வேண்டாம். பல குடில்களில் நாயைப் படுக்கை அறைக்குள் விடுவதில்லை.

1. காகித வேலை

முதலில் மைக்ரோசிப், அதன் பிறகு ரேபிஸ் ஊசி. வரிசை மாறினால் ஊசி கணக்கில் வராது. குட்டிக்கு 12 வாரம் ஆன பிறகுதான் அந்த ஊசியைப் போடலாம். முதல் ஊசிக்குப் பின் 21 நாள் காத்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் சுவிட்சர்லாந்திலும் இருப்பவர்களுக்கு இதோடு நாயின் பாஸ்போர்ட் போதும்.

பிரிட்டனில் கொடுத்த பாஸ்போர்ட் 2021 முதல் செல்லாது. ஐரோப்பாவுக்குள் நுழைவதற்கு முந்தைய 10 நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். திரும்பும்போதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பிரிட்டனுக்குள் நுழைவதற்கு 24 முதல் 120 மணி நேரம் முன்னால் ஒரு மருத்துவர் நாடாப்புழு மருந்து கொடுத்துப் பதிவு செய்திருக்க வேண்டும். ஞாயிறு இரவு திரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்கு இப்போதே நேரம் வாங்கி வையுங்கள்.

இந்தியாவிலிருந்து என்றால் ஊசி போட்டு 30 நாளுக்குப் பின் ரத்தப் பரிசோதனை, அதன் பிறகு மூன்று மாதக் காத்திருப்பு. இரண்டு வார விடுமுறைக்காக நாயை இந்த அலைச்சலுக்கும் நீண்ட விமானப் பயணத்துக்கும் ஆளாக்க வேண்டாம்.

2. பையில் என்ன

முதுகில் கைப்பிடி உள்ள மார்பு ஹார்னெஸ் வேண்டும். உயரமான படியில் ஒரு கையால் தூக்கி விட அது உதவும். லீஷ் இரண்டு மீட்டர் நீளத்தில், சாதாரண வகையாக இருக்கட்டும். இழுக்க இழுக்க நீளும் வகை குறுகலான பாதையில் எதிரே வருபவர் காலில் சுற்றிக்கொள்ளும்.

பாதத்துக்கு நான்கு பூட்ஸ், கூட ஒன்று. இரண்டு வாரம் முன்பிருந்தே வீட்டில் போட்டுப் பழக்குங்கள். மலையில் முதல் முறை மாட்டினால் நாய் அசையாமல் நின்றுவிடும்.

சும்மா இருக்கும் நாய்க்கே ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் தேவை. நடக்கும் நாளில் அதை இரட்டிப்பாக்குங்கள். 20 கிலோ நாய்க்கு இரண்டு லிட்டருக்கு மேல் ஆகும்.

கட்டுத்துணி, ஒட்டும் பேண்டேஜ், உண்ணி எடுக்கும் கொக்கி ஆகியவற்றோடு, பெரிய நாயாக இருந்தால் தோளில் சுமக்கும் துணித்தொட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கான பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் நாய்க்கு நஞ்சு. எவ்வளவு வலித்தாலும் கொடுக்கக் கூடாது.

3. வழி

மஞ்சள் பலகை எளிய பாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு மலைப்பாதை. வெள்ளை-நீலம்-வெள்ளை இருந்தால் அது பாறையும் செங்குத்தும் நிறைந்த கடினமான பாதை, திரும்பி விடுங்கள். பலகையில் எழுதியிருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது, மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

முதல் நாளுக்குக் குரூட்ஷ்ஆல்ப் (1,486 மீட்டர்) முதல் மூரன் (1,638 மீட்டர்) வரை. ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர், மெல்லிய ஏற்றம். பக்கத்திலேயே சிறு ரயில் ஓடுகிறது. நாய் தளர்ந்தால் பாதி வழியில் வின்டர்எக் நிலையத்தில் ஏறிவிடலாம். புதியவர்களுக்கு இதைவிட நல்ல வழி இந்தப் பகுதியில் இல்லை.

அடுத்த நாள் மென்லிஷன் முதல் கிளைனே ஷைடெக் வரை போகலாம். நிழலே கிடையாது, காலையில் புறப்படும் முதல் கேபிள் காரிலேயே ஏறிவிடுங்கள். பிற்பகலில் இடி மழை வருவதும் இங்கே சகஜம்.

சுவிஸ் ரயிலில் நாய்க்கு இரண்டாம் வகுப்பில் அரை டிக்கெட். தோள் உயரம் 30 சென்டிமீட்டருக்குள் இருந்து கூடைக்குள் உட்கார்ந்தால் இலவசம். ஆஸ்திரிய ரயிலில் வாய்மூடியும் கட்டாயம். நாட்டின் கிழக்கே எங்காடின் பள்ளத்தாக்கில் இருக்கும் சுவிஸ் தேசியப் பூங்காவுக்குள் லீஷில் பிடித்திருந்தாலும் நாய்க்கு அனுமதி இல்லை.

4. மாடுகள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மலைமேல் மாடுகள் மேயும். கன்றோடு இருக்கும் தாய்ப்பசுவுக்கு உங்கள் நாய் ஓர் ஓநாய்தான். பசு தலையை உயர்த்தி முறைக்கும், மூச்சைச் சீறி விடும், காலால் தரையைக் கீறும், பிறகு தலையைத் தாழ்த்தும். முதல் அறிகுறியிலேயே லீஷைச் சுருக்கிப் பிடித்து, முதுகைக் காட்டாமல், ஓடாமல், பக்கவாட்டில் விலகுங்கள். மந்தைக்கு நடுவே போகிற பாதையானாலும் சுற்றித்தான் போக வேண்டும், குறைந்தது 20 மீட்டர், கன்று இருந்தால் 50.

பசு பாய்ந்தே விட்டால் லீஷை உடனே விட்டு விடுங்கள். அதன் கோபம் நாய்மேல்தான், நாய் அதைவிட வேகமாக ஓடித் தப்பிக்கும். நாயைக் காப்பாற்ற நினைத்து அணைத்துக்கொள்பவர்தான் மிதிபடுவார். இதனால்தான் லீஷை மணிக்கட்டில் சுற்றவோ இடுப்பில் கட்டவோ கூடாது. 2014இல் ஆஸ்திரியாவின் ஸ்டூபாய் பள்ளத்தாக்குப் பக்கம் நாயோடு நடந்த ஒரு பெண்ணைப் பசுக்கள் தாக்கிக் கொன்றன. அவருடைய லீஷ் இடுப்பில் கட்டப்பட்டிருந்தது.

மின்வேலியைக் கடக்கும்போது பிளாஸ்டிக் கைப்பிடியைக் கழற்றிக் கம்பியை ஒதுக்கிப் பிடித்து, நாயை முதலில் விடுங்கள், பிறகு மறக்காமல் மாட்டுங்கள். ஈர மூக்கில் ஒரு முறை ஷாக் அடித்தால் அடுத்த வேலியில் நாய் நகராது.

மேய்ச்சல் நிலத்தில் நாயின் மலத்தைப் பையில் எடுத்தே ஆக வேண்டும். அதிலுள்ள நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி பசுக்களுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும்.

ஆட்டு மந்தையைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தால் நில்லுங்கள். கம்பை ஓங்காதீர்கள். அவை அமைதியான பிறகு வந்த வழியே பின்வாங்குங்கள்.

5. நடந்துகொண்டே கவனிக்க

நாக்கு அகலமாகித் தொங்கி, நிறம் கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியானால் உடல் சூடு ஏறிவிட்டது. நிழலில் படுக்க வைத்து வயிறு, தொடையிடுக்கு, பாதம் எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றுங்கள். முதலில் குளிர்விப்பது, மருத்துவரைத் தேடுவது அதற்குப் பின். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு நண்பகல் நடையே ஆகாது.

இரவில் விரலிடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள். உண்ணிகள் அங்கேயும் காதோரத்திலும் அக்குளிலும்தான் ஒட்டியிருக்கும். பாதத்தை விடாமல் நக்கினால் தோல் தேய்ந்திருக்கிறது. மறுநாள் நடையை விட்டுவிட்டு, பக்கத்திலுள்ள துன் ஏரியில் படகேறுங்கள், நாயையும் ஏற்றிக்கொள்வார்கள்.