130 கிலோ பின்பால் மெஷினை ஒற்றை ஆளாக நகர்த்துவது எப்படி

என் எடை 54 கிலோ. கண்ணாடி மூடிய சரிவான பலகையில் எஃகுப் பந்தை அடித்து ஆடும் மெஷின்தான் பின்பால். எங்கள் கராஜில் நிற்கும் நான்கு பின்பால் மெஷின்களில் எதுவும் 110 கிலோவுக்குக் கீழே இல்லை. வீட்டுக்காரருக்கு வாரத்தில் பாதி நாள் வெளியூர் வேலை, பிள்ளைகள் கல்லூரியில். மெஷின் வாங்கினாலும் விற்றாலும், சுவரோரம் உருண்டுபோன ஒரு ஸ்குரூவைத் தேட மெஷினை முன்னால் கொண்டுவந்தாலும் நான் ஒருத்திதான்.

நாங்கள் இருப்பது சிகாகோவின் மேற்குப் புறநகரில். காட்லீப், பேலி, வில்லியம்ஸ் என்று பின்பாலின் பெரிய பெயர்கள் எல்லாம் இந்த ஊர்க் கம்பெனிகள். இன்றைக்கும் ஸ்டெர்ன் பக்கத்து எல்க் குரோவ் வில்லேஜில்தான் மெஷின் செய்கிறது. யாராவது வீட்டைக் காலி செய்யும்போது பழைய மெஷின் ஒன்று விற்பனைக்கு வரும். விளம்பரத்தின் கடைசி வரி மட்டும் மாறவே மாறாது: நீங்களே வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

ஊருக்குப் போகும்போது ஒரு பெட்டிக்கு 23 கிலோ கணக்கு நமக்கு மனப்பாடம். தராசில் வைத்து, ஊறுகாய் பாட்டிலை எடுத்து, மறுபடி வைத்து என்று எத்தனை ராத்திரி கழிந்திருக்கிறது. வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நயோஷின் கணக்கிலும், எல்லாம் தோதாக அமைந்தால் ஒருவர் தூக்கலாம் என்று சொல்லும் உச்ச எடை அதே 23 கிலோதான். பின்பால் மெஷின் என்பது அப்படி ஐந்தாறு பெட்டிகளை ஒரே மரப்பெட்டியில் அடைத்தது. ஆக, என் கைகளில் எடை ஏறுகிற எந்த வழியும் தப்பான வழி. எடை தரையில் இருக்கட்டும், இல்லையென்றால் இரும்பின் மேல் இருக்கட்டும். தள்ளுவதும் திருப்புவதும் மட்டும் என் வேலை. இடுப்பில் கட்டும் பெல்ட்டைப் பலர் சிபாரிசு செய்வார்கள். அது தைரியத்தைத்தான் கூட்டும், பாரத்தைக் குறைக்காது. நான் வாங்கவில்லை.

முதலில் ஓர் எச்சரிக்கை. பீரோ நகர்த்தத் தெரிந்தவர்கள் பின்பாலிலும் அதே வித்தையைக் காட்டப் பார்ப்பார்கள். திருச்சியில் வீடு மாறும்போதெல்லாம் அப்பா பீரோவை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு காலை ஊன்றித் திருப்பி, அடுத்த காலை ஊன்றித் திருப்பி, நடக்க வைத்தே வாசல் வரை கொண்டுவருவார். பின்பால் மெஷினை அப்படி நடக்க வைக்க முடியாது. அதன் கால் ஒவ்வொன்றும் கேபினட்டின், அதாவது மரப்பெட்டி உடம்பின், மூலையில் இரண்டே போல்ட்டில் நிற்கிறது. நேராக இறங்கும் பாரத்தை அந்த மூலை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் தாங்கும். பக்கவாட்டில் இழுத்தால் ஒட்டுப்பலகை பிளக்கும். என் முதல் மெஷினின் இடது முன்மூலையில் பசை போட்டு, கிளாம்ப் மாட்டி ஒட்டிய கோடு இன்னும் தெரிகிறது. கார்ப்பெட்டில் இரண்டடி இழுத்ததற்குக் கிடைத்தது அது.

சரி, என்ன வாங்குவது? ஒன்றே ஒன்றுதான் என்றால் ஹைட்ராலிக் டேபிள் கார்ட். நான்கு சக்கரம், காலால் மிதிக்கும் பம்ப், மிதிக்க மிதிக்க உயரும் இரும்பு மேடை. ஒர்க்‌ஷாப்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் சில நூறு டாலருக்குக் கிடைக்கும். 500 பவுண்டு தாங்குவது போதும், அதாவது சுமார் 225 கிலோ. வாங்கும் முன் மூன்று அளவுகளைப் பாருங்கள். மேடையை முழுக்க இறக்கினால் மெஷினின் அடியில் நுழைகிறதா, முழுக்க ஏற்றினால் மெஷினின் கால் தரையை விடும் அளவுக்கு உயர்கிறதா, மெஷினின் முன்கால்கள் இரண்டுக்கும் நடுவே கார்ட் இடிக்காமல் போகிறதா. டேப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

மற்றவை சில்லறை. இழுத்து இறுக்கிக் கட்டும் ராட்செட் ஸ்ட்ராப் (பட்டை) நான்கு, கனமான போர்வை மூன்று, சுற்றிக் கட்டும் பிளாஸ்டிக் தாள் ஒரு சுருள், கால் போல்ட்டுக்கு 5/8 அங்குல சாக்கெட்டும் ரெஞ்சும். சில மெஷின்களில் 9/16 வரும், அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் பூசிய கையுறை, முன்பக்கம் இரும்புத் தொப்பி வைத்த ஷூ. செருப்போடு இந்த வேலைக்கு வராதீர்கள். அப்புறம் இரண்டு மரக்கட்டைகள். தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு அது எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. கார்ட்டின் பிரேக்கை மட்டும் நம்பி நான் நிற்பதில்லை.

நகர்த்தும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, உள்ளே உள்ள பந்துகளை எடுங்கள். எண்ணி எடுங்கள். ஒவ்வொன்றும் 80 கிராம் எஃகு. வில்லியம்ஸ் 1990-இல் வெளியிட்ட ஃபன்ஹவுஸ் என்ற மெஷினில் மூன்று பந்துகள். அதை வாங்கி வந்த அன்று நான் இரண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேலை முடிந்தது என்று மூடிவிட்டேன். வேன் ஒவ்வொரு சிக்னலில் நிற்கும்போதும் பின்னால் ஒரு 'டொக்'. கிளம்பும்போது இன்னொரு 'டொக்'. வேனில்தான் ஏதோ கழன்றிருக்கிறது என்று நினைத்து, பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். வீட்டுக்கு வந்து திறந்தால், மூன்றாவது பந்து ஒரு பிளாஸ்டிக் துண்டை இரண்டாக உடைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே சாவகாசமாகக் கிடந்தது.

அதே நேரத்தில் டில்ட் குண்டையும் கழற்றுங்கள். மெஷினை யாராவது உலுக்கினால் ஆட்டத்தை நிறுத்துவதற்காக, காசுக் கதவுக்கு உள்ளே ஒரு கம்பியில் தொங்கும் சின்ன உலோகக் குண்டு அது. பயணத்தில் கழன்று விழுந்தால் எங்கே போய் எதைத் தொடும் என்று சொல்ல முடியாது. காசுக் கதவின் சாவி உங்கள் கையில் இருக்கட்டும். மெஷினுக்குள்ளேயே கொக்கியில் மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினால் பூட்டுக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். கழற்றிய கண்ணாடி டெம்பர்ட் வகை. முகத்தில் தட்டினால் தாங்கும், விளிம்பு சிமென்ட் தரையில் லேசாகப் பட்டாலே கல்கண்டு போல் சிதறும். போர்வை மேல் மட்டும் வையுங்கள். நான் பந்தை எடுத்த கையோடு கண்ணாடியை மறுபடி அதன் தடத்தில் தள்ளி, முன்பட்டையைப் பூட்டிவிடுகிறேன். அதற்கு அதைவிடப் பத்திரமான இடம் இல்லை.

அடுத்தது தலை. ஸ்கோர் காட்டும் பெட்டியை நான் தலை என்றுதான் சொல்வது. வில்லியம்ஸின் 1990-களின் மெஷின்களில் தலைக்குக் கீல் இருக்கும். பின்பக்கப் பூட்டை 5/16 அங்குல ஆலன் கீயால் திருப்பினால் முன்னால் மடங்கும். திருப்பும் முன் உள்ளே போல்ட் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பக்கவாட்டில் நின்று, ஒரு கையைத் தலையின் மேல்விளிம்பில் வைத்து மெதுவாக இறக்குங்கள். கழுத்தில் ஒயர்க்கட்டு நசுங்காமல் ஒரு கண் இருக்கட்டும். கண்ணாடி மேல் போர்வையை முன்பே விரித்திருக்க வேண்டும். மடக்கியதும் தலையையும் உடம்பையும் சேர்த்து ஒரு ஸ்ட்ராப். ஸ்ட்ராப் அழுந்தும் விளிம்பிலெல்லாம் அட்டைத் துண்டு.

பழைய பேலி வேறு ஜாதி. பேலியின் 1981 எயிட் பால் டீலக்ஸில் கீல் கிடையாது. தலை கேபினட் மேல் உட்கார்ந்திருக்கும், உள்ளே இருந்து போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். டிரான்ஸ்ஃபார்மரே தலைக்குள் இருப்பதால் கனம் வேறு. அதை விற்கிற அன்று நான் கனெக்டர்களைப் படமெடுத்து, ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி, அழகாகக் கழற்றி வைத்தேன். பிறகு போல்ட்டுகளையும் வரிசையாகக் கழற்றினேன். கடைசிப் போல்ட் கையோடு வந்ததும் தலை என் பக்கம் அரை அங்குலம் சாய்ந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டேன். கையை எடுத்தால் விழும், தள்ளினால் பின்பக்கம் போகும். போன் எட்டடி தள்ளி ஒர்க்பெஞ்சில். கராஜ் கதவு திறந்திருந்ததால், இருபது நிமிஷம் கழித்துக் கடிதம் போட வந்த தபால்காரர் பார்த்தார். தலைவலியா என்று கேட்டார்.

இப்போது வரிசையை மாற்றிவிட்டேன். போல்ட்டில் கை வைக்கும் முன்பே தலையையும் கேபினட்டையும் சேர்த்துச் செங்குத்தாக ஒரு ஸ்ட்ராப் போட்டு இறுக்கிவிடுவேன். பிறகு கார்ட்டை மெஷினின் பின்னால் நிறுத்தி, பிரேக்கும் கட்டையும் போட்டு, மேடையைக் கழுத்து மட்டத்துக்கு ஏற்றுவேன். மட்டம் எட்டவில்லை என்றால் மேடையில் பலகை அடுக்குவேன். அதன்பிறகு போல்ட், கடைசியில் ஸ்ட்ராப். தலையைத் தூக்காமல் மேடை மேல் சறுக்கினால் போதும், அப்படியே இறக்கி உருட்டிக்கொண்டு போகலாம்.

உடம்பை எடுப்பது இனி எளிது. மேடை மேல் ஒரு ஒட்டுப்பலகைத் துண்டைப் போடுங்கள். பல மெஷின்களுக்கு அடிப்பலகையில் ஸ்பீக்கர் இருக்கும், அதில் இரும்பு அழுந்தக் கூடாது. கார்ட்டை முன்கால்களுக்கு நடுவே நீளவாக்கில் நுழைத்து, மெஷினின் நடுப்பகுதிக்குக் கீழே நிறுத்தி, மிதியுங்கள். ஓர் அங்குலம் ஏறியதும் நிறுத்திப் பாருங்கள். முன்கால்கள் மட்டும் தரையை விட்டு, பின்கால்கள் இன்னும் ஊன்றியிருந்தால் கார்ட் முன்னால் இருக்கிறது என்று அர்த்தம். இறக்கி, நாலு விரல் பின்னால் தள்ளி, மறுபடி மிதியுங்கள். இந்த இடத்தில் எனக்கு மூன்று தடவையாவது ஆகும். அவசரப்படுகிறவர்கள் விபத்தைக் காண்பதும் இங்கேதான்.

நான்கு கால்களும் ஒரே மாதிரி விரல் உயரம் அந்தரத்தில் நிற்கும்போது மெஷினையும் மேடையையும் சேர்த்து ஸ்ட்ராப் போடுங்கள். அதற்கப்புறம்தான் கால் போல்ட். கழற்றும்போது கையோ முட்டியோ கேபினட்டுக்கு நேர் கீழே போக வேண்டாம். ஹைட்ராலிக் சொல்லாமல் கொள்ளாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். போல்ட் எட்டையும் ஒரு ஜிப் பையில் போட்டு, அந்தப் பையை ஒரு காலோடு சேர்த்து டேப் சுற்றுங்கள். பிறகு மேடையை முழுக்க இறக்கிவிட்டு உருட்டுங்கள். உயரத்தில் வைத்துக்கொண்டு ஓர் அடிகூட உருட்ட வேண்டாம், சின்னக் கல் சக்கரத்தில் சிக்கினால் மொத்தமும் கவிழும்.

வேனில் ஏற்ற, வேனைக் கராஜுக்குள் பின்பக்கமாகக் கொண்டுவாருங்கள். டிரைவ்வேயில் செய்யாதீர்கள், அது கண்ணுக்குத் தெரியாத சரிவு. இருக்கைகளை மடக்கி, தரையில் பெரிய அட்டையை விரித்து, மேடையை வேனின் தரை மட்டத்துக்கு ஏற்றி, பம்பரோடு ஒட்டி நிறுத்துங்கள். சக்கரத்துக்குப் பின்னால் இரண்டு கட்டைகளும் கட்டாயம். நாம் மெஷினைத் தள்ளும்போது அது கார்ட்டைப் பின்னால் தள்ளும். ஸ்ட்ராப்பை அவிழ்த்து, உள்ளங்கையால், அட்டை மேல் அரை அடி அரை அடியாகத் தள்ளினால் போய்விடும். உள்ளே போனதும் தரை வளையங்களில் கட்டுங்கள். பிரேக் அடிக்கும்போது 130 கிலோ உங்கள் முதுகைத் தேடி வரக் கூடாது.

விற்பவர் வீட்டில் கார்ட் இருக்காது. அங்கே ஏற்றிவிட அவர் இருப்பார், இல்லை பக்கத்து வீட்டுப் பையன் இருப்பான். நான் தனி ஆளாவது இறக்கும்போதுதான், அப்போது கார்ட் என் கராஜில் காத்திருக்கும்.

படிக்கட்டைப் பற்றிக் கேட்பீர்கள். தனியாக வேண்டாம். படியேறும் மின்சார ஹேண்ட் டிரக் உண்டு, எஸ்கலேரா என்பது அதில் பெயர் பெற்றது. நல்ல சாதனம், விலை ஆயிரக்கணக்கில். அதிலும் ஆள் எப்போதும் மேல்படியில், மெஷின் கீழ்படியில், மெஷினுக்குக் கீழே ஒருவரும் நிற்கக் கூடாது. அதற்கு மெஷினைப் பின்பக்கமாக நிமிர்த்தி நிறுத்தியாக வேண்டும். நிமிர்த்தத் தொடங்கும் நொடியில் ஏறக்குறைய பாதி எடை, அறுபது கிலோ, கையில் ஏறுகிறது. என் எடையைவிட அது அதிகம். பேஸ்மென்ட்டில் இருக்கிறது என்று விளம்பரம் சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி விலை இல்லை, படி எத்தனை என்பதுதான். மேலே கொண்டுவந்து தருவீர்களா என்பது இரண்டாவது. இல்லை என்றால், மெஷின் நகர்த்துகிற ஆட்களுக்கான கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுப் பேரம் பேசுகிறேன்.

இறக்கி நிறுத்துவது இதே வேலை தலைகீழாக. கால் மாட்டும்போது ஒவ்வொரு காலின் இரண்டு போல்ட்டையும் முதலில் கையாலேயே நாலு சுற்று ஏற்றுங்கள், பிறகு ரெஞ்ச். எடுத்தவுடன் ரெஞ்ச் போட்டால் மரை கோணும். மேடையை இறக்கி, கார்ட்டை வெளியே இழுத்து, காலடித் திருகுகளைத் திருப்பி மட்டம் பாருங்கள்.

டில்ட் குண்டை மறுபடி மாட்ட மறந்துவிடாதீர்கள். ஃபன்ஹவுஸ் வந்த வாரம் நான் மறந்துவிட்டேன். எத்தனை உலுக்கினாலும் ஆட்டம் நிற்கவில்லை, ஸ்கோர் எகிறிக்கொண்டே போனது. மெஷினை நகர்த்தி நகர்த்திக் கை பக்குவப்பட்டுவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்த மகன் காசுக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது எதுவும் செல்லாது" என்றான். சட்டைப் பையில் வைத்த இரண்டு பந்துகளோடு குண்டும் அங்கேயே இருந்தது.