வி.இ.பி. சோதனை: பார்வை நரம்பு அழற்சியைத் தேடும்போது

வி.இ.பி. என்பது கண்ணுக்குக் கட்டங்களைக் காட்டி, அப்போது மூளையின் பார்வைப் பகுதியில் எழும் மின் அலையைத் தலையில் பதிவுசெய்யும் சோதனை. அந்த அலை தாமதமாக வந்தால் உடனே பார்வை நரம்பின்மேல் பழி போடாதீர்கள். மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்தவருக்கும், பாதித் தூக்கத்தில் திரையைப் பார்ப்பவருக்கும் அலை பிந்தும்.

நேரம் குறிக்கும்போதே, "தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிச்சிட்டு வாங்கம்மா, எண்ணெய் வேண்டாம், கண்ணாடியை மறக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். தேங்காய் எண்ணெய்த் தலையில் அலையைப் பிடிக்கும் எலெக்ட்ரோட் நிற்காது. கண்ணின் பாவையை விரிக்கும் சொட்டுமருந்தும் அன்று கூடாது.

மூக்கின் வேரிலிருந்து பின்மண்டை மேடுவரை டேப்பால் அளந்து, அதில் பத்தில் ஒரு பங்கை மேட்டுக்கு மேலே குறியுங்கள். அளவு 36 செ.மீ. என்றால் 3.6 செ.மீ. மேலே முதன்மை எலெக்ட்ரோட். ஒப்பீட்டுக்கான எலெக்ட்ரோட் மூக்கின் வேரிலிருந்து பத்தில் மூன்று பங்கு, அதாவது 10.8 செ.மீ. பின்னால்; எர்த் எலெக்ட்ரோட் உச்சந்தலையில். தோலை லேசாகத் தேய்த்து மின்தடையை 5 கிலோஓமுக்குக் கீழே கொண்டுவாருங்கள். கூடினால் 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல் அலையை மூடிவிடும். ஏர்கான் குளிரில் தோளைக் குறுக்கி உட்கார்ந்தால் கழுத்துத் தசையும் பதிவாகும்; போர்வை ஒன்று கொடுங்கள்.

ஒரு கண்ணை முழுதாக மூடி, 1 மீட்டர் தூரத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைக் காட்டுங்கள்: கண்ணில் 1 டிகிரி கோணம் பிடிக்கும் பெரிய கட்டம் 1.75 செ.மீ., கால் டிகிரி பிடிக்கும் சிறு கட்டம் 4.4 மி.மீ. நொடிக்கு 2 முறை நிறம் மாறட்டும். சுமார் 100 பதில்களைச் சராசரியாக்கி, மறுபடியும் எடுங்கள். இரு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாவிட்டால் அந்தப் பதிவை நம்பாதீர்கள். சிறு கட்டத்தில் மட்டும் அலை பிந்தினால் முதலில் கண்ணாடிப் பவரைச் சரிபாருங்கள்.

பி100 எனப்படும் முக்கிய அலை, கட்டம் நிறம் மாறி ஏறக்குறைய 100 மில்லி செகண்டில் வரும்; இயல்பு எல்லையை உங்கள் ஆய்வகமே வகுத்திருக்க வேண்டும். இரு கண்களுக்கும் இடையே 10 மில்லி செகண்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகப்படலாம். அழற்சி புதிதாக இருக்கும்போது அலையின் உயரம் சரியும், சில சமயம் அலையே வராது. வாரங்கள் கழித்து உருவம் கலையாமல் தாமதமாகத் திரும்பும். நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் உறை கழன்றதன் அடையாளம் அது. பார்வை தெளிந்த பிறகும் இந்தத் தாமதம் பெரும்பாலும் நீடிக்கும். 1972இல் லண்டன் ஆய்வாளர் ஹாலிடேயின் குழுவினர் காட்டியது இதைத்தான். பழைய தாக்குதலைக் கண்டுபிடிக்க உதவுவதும் இதுவே.

சிங்கப்பூரில் இன்னொரு கவனம் தேவை. உடலின் எதிர்ப்பொருளே அக்வாபோரின்-4 என்ற புரதத்தைத் தாக்கிப் பார்வை நரம்பை அழற்சியாக்கும் நோய் ஆசியர்களிடம் மேற்கத்தியரைவிட அதிகம். அதில் தாமதமே இல்லாமல் உயரம் மட்டும் குறையலாம். ஆகவே அலை வரும் நேரம் இயல்பாக இருப்பதை வைத்து அழற்சி இல்லை என்று எழுதாதீர்கள். எம்ஆர்ஐயும் இரத்தச் சோதனையும் வேண்டும். விழித்திரை நோயும் கண் அழுத்த நோயும் இதேபோல் அலையைக் கெடுக்கும். அறிக்கையில் அன்றைய பார்வைத் திறன், கட்டத்தின் அளவு, கண்ணாடி போட்டிருந்தாரா என்ற மூன்றையும் குறித்துவிடுங்கள்.