காவிரிக் கரையில் நடக்க வருகிறீர்களா? தண்ணீரைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்

ஊருக்கு வருகிறவர்களில் பலர் இப்போது கோயில், கல்யாணம், துணிக்கடை என்ற சுற்றோடு நிற்பதில்லை. சுவிட்சர்லாந்திலும் கனடாவிலும் நியூசிலாந்திலும் மலைப் பாதைகளில் நடந்து பழகியவர்கள், "டெல்டாவில் நடக்க எங்கே போகலாம்?" என்று கேட்கிறார்கள். அம்புக்குறி போட்ட பாதை இங்கே ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் கல்லணையில் தொடங்கிக் கடல் வரைக்கும் காவிரி, வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வீரசோழன், திருமலைராஜன் என்று ஆறுகள் பிரிந்துகொண்டே போகின்றன. ஒவ்வொரு ஆற்றுக்கும் இரண்டு கரை. அந்தக் கரைகள்தான் உங்களுக்குப் பாதை. அவை ஊர்க்காரர்கள் மாடு ஓட்டிக்கொண்டும், உர மூட்டை ஏற்றிய டிவிஎஸ் ஃபிஃப்டியிலும் தினமும் போய்வரும் வழிகள். இதை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் போதும், உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத நடை இங்கே கிடைக்கும்.

மலை தேடி மட்டும் வராதீர்கள். திருச்சி மலைக்கோட்டையைத் தாண்டிக் கிழக்கே வந்தால் எல்லாம் தட்டையான வண்டல் நிலம். சுவாமிமலைகூடக் கட்டுமலைதான், 60 தமிழ் ஆண்டுகளின் பெயரில் 60 படிகள். மலை வேண்டுமென்றால் பச்சைமலைக்கோ கொல்லிமலைக்கோ தனியாக ஒரு பயணம் வையுங்கள்.

எந்த மாதம்

விமான டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் மேட்டூர் அணையைப் பாருங்கள். வழக்கப்படி ஜூன் 12-இல் அணை திறந்து, ஜனவரி 28-இல் மூடுவார்கள். நீர்மட்டம் குறைவாக இருக்கும் ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகும். அணையின் முழு மட்டம் 120 அடி. இன்றைக்கு எத்தனை அடி என்பதைத் தமிழ் நாளிதழ்கள் நாள்தோறும் போடுகின்றன. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர ஏறக்குறைய 3 நாள் ஆகும். அங்கிருந்து பிரித்துவிட்டு, பூம்புகார் பக்கத்தில் இருக்கும் மேலையூர்க் கதவணையைத் தொடுவதற்கு இன்னும் பல நாள். ஒரே வாரத்தில் திருவையாற்றில் நுங்கும் நுரையுமாக ஓடும் காவிரியையும், கடைமடையில் காய்ந்த மணலையும் பார்க்கலாம். முறைவைத்துத் தண்ணீர் விடும் காலத்தில், இன்றைக்குக் கரை தொட்டு ஓடிய ஆறு அடுத்த வாரம் கால் நனையாத அளவுக்கு வற்றியிருக்கும். "போட்டோவில் பார்த்தது மாதிரி இல்லையே" என்று வருத்தப்படாதீர்கள். நீங்கள் பார்ப்பது ஒரு பாசன அமைப்பு. அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்காக ஜூலை, ஆகஸ்டில்தான் வர முடியும் என்றால் வெயிலைச் சமாளிக்க வேண்டும். ஆனால் ஆற்றில் தண்ணீர் இருக்கும், வயலில் குறுவை நெல் நிற்கும், ஆகஸ்ட் 2 அல்லது 3-இல் ஆடிப்பெருக்கு வரும். அன்றைக்கு ஒரு படித்துறையில் காலையில் போய் நின்றுவிடுங்கள், நடை மறுநாள் ஆகட்டும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கரையில் களிமண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். புயல் காலமும் இதுதான். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான் கரையைக் கடந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருகிறவர்கள் நடையை டிசம்பரில் வைக்காமல் ஜனவரிக்குத் தள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் பொங்கலுக்கு முன்னும் பின்னும் தான் நல்ல காலம். ஆற்றில் இன்னும் தண்ணீர் இருக்கும், பனி இறங்கும், சம்பா கதிர் சாய்ந்து நிற்கும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். அறுவடை முடிந்த வயல் வெறும் தாளடியாகத்தான் தெரியும். குறுக்கே நடந்தால் வழி மிச்சம் என்று தோன்றும். குனிந்து பாருங்கள்: அறுத்த தாள்களுக்கு நடுவில் விரல்கடை உயரத்துக்கு இரண்டு இலை விட்டு உளுந்து முளைத்திருக்கும். அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாகவே, நெற்பயிர் நிற்கும்போதே, ஈரத்தில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். மிச்ச ஈரத்திலும் பனியிலும் அது வளர வேண்டும். உங்கள் பூட்ஸ் மிதித்தால் அந்தச் செடி எழுந்திருக்காது. வரப்பை விட்டு இறங்காதீர்கள்.

கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி

முதல் நடைக்கு இதையே சொல்வேன். திருச்சியிலிருந்து கல்லணைக்கு டவுன் பஸ் இருக்கிறது. காலை ஆறரைக்குள் அணையில் இறங்கிவிடுங்கள். கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அணை இது. ஒரே இடத்தில் நின்று காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்கும் பிரிவதைப் பார்க்கலாம். இதில் கல்லணைக் கால்வாய் மட்டும் மேட்டூர் அணையோடு 1934-இல் வந்தது. அதனால்தான் ஊரில் பெரியவர்கள் அதை இன்றும் 'புது ஆறு' என்கிறார்கள்.

அங்கிருந்து காவிரியின் வடகரையைப் பிடித்துக் கிழக்கே நடங்கள். இடது கைப்பக்கம் கொள்ளிடம், வலது கைப்பக்கம் காவிரி. நடுவில் வாழையும் தென்னையும் கரும்பும். வழியில் கோவிலடி. 108 திவ்யதேசங்களில் ஒன்றான அப்பக்குடத்தான் கோயில் இங்கே இருக்கிறது. பெருமாளுக்கு அப்பம்தான் நிவேதனம். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், அதற்குள் போய்விடுங்கள். அப்படியே போனால் திருக்காட்டுப்பள்ளி. குடமுருட்டி ஆறு காவிரியிலிருந்து பிரிவது இந்த ஊரில்தான். பழகிய கால்களுக்கு மொத்தம் அரை நாளுக்குக் கொஞ்சம் மேலே. வெயில் ஏறினால் விட்டுவிட்டுச் சாலைக்கு வந்து பஸ் ஏறுங்கள், சாலை எங்கும் தூரமில்லை.

இந்த நடையில் ஒரே ஒரு தடை போடுகிறேன்: கொள்ளிடத்துக்குள் இறங்கக் கூடாது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பிலேயே காவிரியிலிருந்து பிரிந்து, கல்லணையிலும் காவிரியின் உபரி நீரை வாங்கும் கொள்ளிடம், வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் ஆறு. மேட்டூர் நிரம்பினால் உபரி நீர் இந்தப் பக்கம்தான் வரும். மணல்திட்டில் நின்றுகொண்டிருப்பவரைச் சுற்றித் தண்ணீர் சூழ அதிக நேரம் ஆகாது. மணல் அள்ளிய பள்ளங்களும் உள்ளே இருக்கின்றன. மேலே முழங்கால் தண்ணீராகத் தெரியும், அடுத்த அடி ஆளை விழுங்கும். கிழக்கே அணைக்கரைப் பக்கம் முதலைகளும் உண்டு. கரையில் மைக் கட்டி எச்சரித்தால், அது யாருக்கோ சொல்வது என்று இருந்துவிடாதீர்கள்.

கும்பகோணம் பக்கம்

அம்மா அப்பாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நடக்க, தாராசுரத்திலிருந்து சுவாமிமலைக்குப் போகும் வழி போதும். காலையில் ஐராவதேசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் ஒன்றரை, இரண்டு மணி நேர நடை. சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் பட்டறைகளில் ஒன்றிரண்டுக்குள் போய்ப் பாருங்கள். மெழுகு உருவத்தின் மேல் அப்புவதற்குக் காவிரிப் படுகையின் மெல்லிய வண்டல் மண்ணைத்தான் எடுக்கிறார்கள். மெழுகில் கீறிய நகக்கண் கோடுகூட அந்த மண்ணில் பதியும். நடந்து வந்த ஆற்றின் மண்ணை அங்கே விரலால் தொட்டுப் பார்த்தால் பிள்ளைகளுக்கு ஆயிரம் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

பாபநாசம், ராஜகிரி பக்கம் போனால் வெற்றிலைக் கொடிக்கால்கள். உள்ளே பார்க்க ஆசையாக இருந்தால் உரியவரைக் கேளுங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு நுழையுங்கள்.

கடற்கரை

பூம்புகாரில் காவிரியைப் பார்த்து மனம் கனத்துப் போகிறவர்கள் உண்டு. முக்கொம்பில் அத்தனை அகலமாக இருக்கும் ஆறு இங்கே ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கியிருக்கும். வழியெல்லாம் வயலுக்குக் கொடுத்துவிட்டு வந்த ஆறு அது. நீங்கள் மேலிருந்து நடந்து வந்திருந்தால் அந்தச் சிறுத்த முகத்துவாரம் வேறு மாதிரி தெரியும். அதனால்தான் கடலில் தொடங்காமல் கல்லணையில் தொடங்கச் சொல்கிறேன்.

பூம்புகாரிலிருந்து தெற்கே தரங்கம்பாடி வரை கடலோரமாகவே நடக்கலாம். வானகிரி, சின்னங்குடி என்று மீனவர் ஊர்கள் அடுத்தடுத்து வரும். அதிகாலையில் கிளம்பி, ஈர மணலின் விளிம்பைப் பிடித்து நடந்தால் கால் புதையாது. சில இடங்களில் கருங்கல் கொட்டிய தடுப்புச் சுவர் வரும்; சிறிய ஆறுகளின் முகத்துவாரங்களும் வரும். கோடையில் மணல் அடைத்துக் கிடக்கும், மழைக்குப் பிறகு உடைத்துக்கொண்டு ஓடும். ஓடுகிற முகத்துவாரத்தில் இறங்காமல் ஊருக்குள் போய்ச் சாலையைப் பிடியுங்கள். மீனவர் ஊருக்குள் நடக்கும்போது விரித்துப் போட்டிருக்கும் வலையைத் தாண்டாதீர்கள், சுற்றிக்கொண்டு போங்கள். படகு கரையேறும் நேரம் ஏலம் நடக்கும். தள்ளி நின்று பாருங்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். இந்தக் கரையோர ஊர்களில் 2004 சுனாமியில் யாரையாவது இழக்காத தெரு அரிது. கதை கேட்கும் ஆசையில் நீங்களாக அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். கடலில் குளிக்கவும் வேண்டாம், இழுப்பு அதிகம்.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டையும், கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில். மாலைக்குள் மயிலாடுதுறைக்குப் பஸ்.

வேதாரண்யம் நோக்கி

டெல்டாவில் நடந்த பெரிய நடை 1930-இல் நடந்தது. ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகத் தொண்டர்கள் ஏப்ரல் 13-இல் திருச்சியில் புறப்பட்டு, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஏறக்குறைய 150 மைல் நடந்து, 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். இன்றைக்கு அந்த வழி முழுக்க லாரி ஓடும் சாலை. எல்லாவற்றையும் நடக்கச் சொல்ல மாட்டேன். கடைசித் துண்டை மட்டும் நடங்கள்: வேதாரண்யம் கோயிலிலிருந்து அகஸ்தியம்பள்ளி நினைவுத் தூண் வரை. சுற்றிலும் உப்பளம், நிழல் கிடையாது, காலையில் முடித்துவிடுங்கள்.

அங்கிருந்து கோடியக்கரைக்குப் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போங்கள். 1967-லிருந்து சரணாலயம். வெளிமான்கள் இருக்கின்றன, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பூநாரை முதலான வலசைப் பறவைகளும் வரும். உள்ளே எங்கே நடக்கலாம் என்பதை வனத்துறை சோதனைச் சாவடியில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், உங்கள் விருப்பத்துக்கு நடக்க முடியாது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகுதான், நடையில்லை.

பெட்டியில் வைப்பதும் வைக்கக் கூடாததும்

சாட்டிலைட் ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கார்மின் இன்ரீச் போன்ற சாட்டிலைட் வழிச் செய்திக் கருவிகளும் அப்படியே. அனுமதி இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள். ட்ரோனும் வேண்டாம். கடலோரத்தில், அதிலும் வேதாரண்யம் கோடியக்கரைப் பக்கத்தில், இலங்கை மிக அருகில் இருப்பதால் கடலோரக் காவல் போலீசார் புது ஆட்களை விசாரிப்பது வழக்கம். பாஸ்போர்ட், விசா அல்லது ஓசிஐ அட்டையின் நகலைச் சட்டைப்பையில் வையுங்கள். ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்தவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: பதற்றப்படாமல் யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள், எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று சொன்னால் போதும்.

நாய்க்காக ஒரு கம்பு. வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் புறப்படும் முன்பே டாக்டரிடம் பேசிப் போட்டுக்கொள்வது நல்லது. கரைகளிலும் வரப்புகளிலும் கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் நல்ல பாம்பும் உண்டு. கணுக்காலை மூடும் ஷூ போடுங்கள், இருட்டிவிட்டால் டார்ச் இல்லாமல் ஓரடி வைக்காதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். பெண்களுக்குக் கழிப்பறைதான் பெரிய சிரமம். பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், பஸ் நிலையம் எங்கே என்று முதல் நாளே குறித்துவைத்துவிட்டு நடையைத் தொடங்குங்கள்.

வழி கேட்கக் கூச்சப்படாதீர்கள். "அண்ணே, இந்தக் கரையிலேயே போனா திருக்காட்டுப்பள்ளி போயிடலாமா?" என்றால், "ஏன் தம்பி நடக்குறீங்க, இப்ப பஸ் வருமே" என்று பதில் வரும். வேண்டுதலா என்றும் கேட்பார்கள். வேளாங்கண்ணிக்கும் சமயபுரத்துக்கும் நடந்து போகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிற மக்கள் அவர்கள். "ஆத்தப் பாக்க நடக்குறேன்" என்று சொல்லுங்கள். எந்த மதகில் ஆறு பிரிகிறது, எந்த இடத்தில் கரை உடைந்திருக்கிறது, எங்கே டீ நன்றாக இருக்கும் என்று அவர்களே சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ஷட்டரைத் திறந்து மூடும் பாசன ஊழியரான லஸ்கர் யாராவது கண்ணில் பட்டால் விடாதீர்கள், அந்த ஆற்றை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை.

சித்தப்பாவோ மாமாவோ, "வெயில்ல நடக்க விடுறதா? கார் அனுப்புறேன்" என்று கட்டாயம் சொல்வார்கள். மறுக்காதீர்கள். பதினொரு மணிக்கு நடை முடியும் ஊரில் காரை நிறுத்தி, மோரும் எலுமிச்சம்பழச் சாதமும் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். அடுத்த நாள் நடைக்கு அந்த வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். காரில் மட்டுமே அந்த ஆற்றைக் கடந்திருக்கும் பிள்ளைகள் அங்கேயும் நிறைய இருக்கிறார்கள்.