வீட்டில் ஃபுரிகாகே செய்வோர் சறுக்கும் இடங்கள்

தோக்கியோவில் நாங்கள் சிலர் சனிக்கிழமைகளில் கூடிச் சமைக்கும் பொதுச் சமையலறைக்குப் புதிதாக வருவோர் ஃபுரிகாகே செய்வதைப் பார்க்கும்போதெல்லாம், 12 ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளையே மறுபடியும் பார்ப்பதுபோல் இருக்கிறது. சூடான சோற்றின் மேல் தூவிக்கொள்ளும் இப்பொடியின் பெயரே 'மேலே தூவுதல்' என்னும் பொருள்படும் வினையிலிருந்து வந்தது. ஜப்பானின் தைஷோ காலத்தில் (1912–1926) குமமோட்டோவைச் சேர்ந்த மருந்தாளுநர் யோஷிமாரு சுஎகிச்சி, மக்களின் சுண்ணாம்புச் சத்துக் குறையைப் போக்க மீன் முள்ளைப் பொடித்து, எள், கசகசா, நோரி (தாளாக உலர்த்திய கடற்பாசி) ஆகியவற்றுடன் கலந்த பொடியே இதன் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. தூவ வேண்டுமானால் அது உதிரியாக இருக்க வேண்டும். அந்த ஒன்றைத்தான் பலரும் மறக்கிறார்கள். உப்புக் கூடுவதும் எள் கருகுவதும் ஒரு முறை தின்று பார்த்தாலே திருந்திவிடும் பிழைகள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சக்கையை ஈரத்தோடு புட்டியில் அடைப்பது

ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறான தாஷியை எடுத்த பின் எஞ்சும் கட்சுவோபுஷிச் சக்கையை, அதாவது புகையூட்டி உலர்த்திய வரிச்சூரை மீனின் சீவலை, வீணாக்காமல் சோயா சாஸ், மிரின் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது), சர்க்கரை சேர்த்து வறுப்பதே வீட்டு ஃபுரிகாகேயின் வழக்கமான முறை. 30 கிராம் உலர்ந்த சீவல், சாறு எடுத்துக் கையால் நன்றாகப் பிழிந்த பிறகும் என் தராசில் 85 கிராம் அளவுக்கு நிற்கும். அதில் 2 மேசைக்கரண்டி சோயா சாஸ், 1 மேசைக்கரண்டி மிரின், 1 மேசைக்கரண்டி சர்க்கரை சேர்த்தால் 145 கிராமைத் தாண்டும். இது 50 கிராமுக்குக் கீழே இறங்கும்வரை மிகச் சிறிய தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பொறுமையில்லாதவர்கள் பாதியிலேயே அடுப்பை அணைத்துவிடுகிறார்கள்.

நானும் அணைத்தேன். சூட்டில் மேற்பரப்பு உலர்ந்ததுபோல் தோன்றியதால், ஜூன் மாத மழைக்காலத்தில், இளஞ்சூட்டோடே 10 தாள் நோரியைக் கத்தரித்துக் கலந்து மூடியை இறுக்கினேன். நான்காம் நாள் நோரி ஈரத் துணிபோல் துவண்டு கிடந்தது; ஏழாம் நாள் மூடியின் உட்புறத்தில் வெண்ணிறப் பூஞ்சணம். மூடிய புட்டிக்குள் சக்கையின் ஈரம் அடங்கியிருப்பதில்லை. உலர்ந்த நோரியையும் எள்ளையும் தேடிச் சென்று அவற்றையும் நமுத்துப்போகச் செய்கிறது. ஜப்பானில் நோரி வளர்க்கப்படும் அரியாகே கடலில் 2022–23 பருவ விளைச்சல் பொய்த்ததிலிருந்து நோரியின் விலை ஏறியிருக்கும் நிலையில், இன்று அதே தவறு இன்னும் கசக்கும்.

சென்ற மாதம் ஓர் இளைஞர் ஈரப்பொடியை அடைத்துவிட்டு, "சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டிருக்கிறேனே, அண்ணா" என்று நிம்மதியாகச் சொன்னார். அந்தப் பொட்டலம் புட்டிக் காற்றில் மிஞ்சிய ஈரத்துக்கானது. ஈரமான மீனை உலர்த்துவதற்கானது அன்று. எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் அதே பொட்டலத்தோடு வந்து நிற்கிறார், எனக்கு இன்னும் எரிச்சல் தீரவில்லை.

சோதிப்பது எளிது. ஒரு சிட்டிகையைத் தட்டில் பரப்பி முழுவதும் ஆறவிட்டு, விரல்களுக்கிடையே நசுக்குங்கள். மொறுமொறுவென்று நொறுங்கினால் சரி. வளைந்தால் மீண்டும் வாணலிக்குப் போக வேண்டும். சூட்டில் சோதித்தால் இளகிய சர்க்கரையின் பிசுக்கு, ஈரமா இல்லையா என்று தெரியவிடாமல் ஏமாற்றும். மென்மையான வகைதான் பிடிக்கும் என்போர் நோரியைச் சேர்க்காமல் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடட்டும்.

நோரியை வாணலியில் போடுவது

போடாதீர்கள்.

சக்கையிடமே முழுச் சுவையையும் எதிர்பார்ப்பது

1908-இல் கிகுனாயே இகெடா கொம்புக் கடற்பாசியில் கண்ட குளுட்டமேட்டும், 1913-இல் ஷிந்தாரோ கொதாமா கட்சுவோபுஷியில் கண்ட இனோசினேட்டும் ஆகிய சுவைப்பொருள்கள் நீரில் கரைபவை. நீங்கள் ஏற்கெனவே குடித்துவிட்ட சாற்றில் அவற்றின் பெரும்பகுதி போய்விட்டது. பொடி சப்பென்று இருக்கிறதே என்று சோயாவை மேலும் மேலும் ஊற்றுவோர், ஈரத்தையும் உப்பையும்தான் கூட்டுகிறார்கள். சாறு எடுக்காத சீவலில் ஒரு கைப்பிடியை முன்கூட்டியே ஒதுக்கி, வெறும் வாணலியில் ஒரு நிமிடம் வாட்டி, கையால் நொறுக்கிக் கடைசியில் சேர்த்தால், சக்கை தராத மணமும் வந்துசேரும்.

கொம்புவின் வெண்பொடியைக் கழுவுவது

அது பூஞ்சணமன்று, கொம்புவிலிருந்தே வெளிவரும் மானிட்டால் என்னும் இனிப்புப் பொருள். ஈரத்துணியால் மணலை மட்டும் ஒற்றியெடுங்கள்.

எள்ளை மாவாக அரைப்பது

வறுக்கும்போது இரண்டு மூன்று மணிகள் வெடித்ததும் இறக்கி, பாதியை மட்டும் ஒன்றிரண்டாக இடித்தால் போதும். மாவாக அரைத்தால் எண்ணெய் கசிந்து பொடி கட்டிதட்டும். விரைவில் காறல் வாடையும் வரும்.

சோற்றுக்கு மேலே புட்டியைக் கவிழ்ப்பது

இத்தனையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, ஆவி பறக்கும் கிண்ணத்தின் மேல் புட்டியைக் கவிழ்த்துத் தட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆவி நேராகப் புட்டிக்குள் ஏறுகிறது. உலர்ந்த சிறு கரண்டியால் எடுத்துத் தூவிவிட்டு, மூடியை உடனே மூடுங்கள்.